ஏதனம் இப்ப எங்கட பக்கம்

இல்லைத் தம்பி, நீங்கள் தள்ளி அரக்க வேண்டாம், நான் இதை மடியிலேயே வச்சிருக்கிறன். வடிவா இருங்கோ, இடம் காணும். உள்ளுக்க பயப்பிடுற சாமான் ஒண்டும் இல்லை, பயத்தம் உருண்டையும் பருத்தித்துறை வடையும் தான். அங்க செக்கிங்கில நிண்ட பெட்டையும் இதைத்தான் கேட்டவள். மேல சுத்தியிருந்த வெள்ளிப் பேப்பரைக் கழட்டி, மணந்து பாத்திட்டுத் திரும்பச் சுத்தித் தந்தவள். சுத்தினது சரியில்லை. நான் தான் இஞ்ச வந்திருந்து ரப்பர் பாண்ட் போட்டனான்.

நீங்கள் எதுமட்டும்? சிங்கப்பூரோ. நான் ரோக்கியோவில இறங்கி, ரெயின் எடுத்து மினாசாவா எண்ட இடத்துக்குப் போறன். கேள்விப்பட்டிருக்க மாட்டியள். யப்பான்காரரிலேயே கனபேர் கேள்விப்படேல்லையாம். மலைக்குள்ள கிடக்கிற ஒரு சின்ன ஊர். அங்க எனக்கு ஒரு அலுவல் கிடக்கு, கனகாலமா இழுபடுது. போய் முடிச்சுப்போட்டு வரப்போறன். நான் பிரச்சினையை வளர்க்கிற ஆள் இல்லைத் தம்பி. ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.

நாங்கள் இருக்கிறது கனடாவில, ஹார்ட்லி மில்ஸில. பெற்றோல் ஸ்ரேசன் வச்சிருந்தனான். தமிழ் எண்டால் எங்கட ஒரு வீடு தான் அங்க. ஊருக்குள்ள வாற வழியில ஒரு போட் எழுதி நாட்டியிருக்கும், மினாசாவாவின்ர சகோதர நகரம் எண்டு. பார்க்குக்குள்ள அவை அனுப்பின கல்விளக்கு ஒண்டும் நிக்குது. பனி தள்ளுற வாகனம் ஒருக்கா இடிச்சு, இப்ப கொஞ்சம் சரிவு. அவ்வளவு தான் சகோதர நகரம் எண்டால் எனக்குத் தெரிஞ்சது. வெய்யில் காலத்தில அங்கயிருந்து நாலைஞ்சு பிள்ளையள் வருங்கள், ஊர் வீடுகளில நிக்குங்கள், படம் எடுப்பினம், போகுங்கள். அடுத்த வருசம் எங்கட பிள்ளையள் அங்க போகுங்கள். நான் அதுகளுக்குள்ள தலைபோடுறதில்லை.

ஒரு வருசம் டொனா எண்ட மனுசி, அவதான் அந்தக் கொமிற்றிக்குத் தலைவி, பெற்றோல் அடிக்க வந்த இடத்தில கேட்டா: ஒரு பிள்ளைக்கு வீடு இல்லை, நிக்கவேண்டிய வீட்டுக்காரி விழுந்து காலை முறிச்சுப்போட்டா, உங்களிட்ட ஒரு அறை சும்மா கிடக்கெல்லோ எண்டு. காசு குடுத்து மிச்சத்துக்குக் கை நீட்டிக்கொண்டு நிக்கிற மனுசியிட்ட என்னெண்டு இல்லை எண்டு சொல்லுறது? ஓம் எண்டிட்டன்.

அப்பிடி வந்தவள் தான் சியோரி. இசோபே எண்டது அவையின்ர குடும்பப் பேர். தங்கமான பிள்ளை. வந்த உடன எல்லாருக்கும் பெட்டி பெட்டியா இனிப்பு. ஒவ்வொரு இனிப்பும் தனித்தனிப் பேப்பரில சுத்திக் கிடந்தது. என்ர மனுசி ரஞ்சிதம் அண்டைக்கே சொன்னவ, இவ்வளவு சாமானோட வந்த பிள்ளையை வெறுங்கையோட அனுப்பேலாது எண்டு.

பிரச்சினை தொடங்கினது அவள் வெளிக்கிட்ட நாளில. தம்பி, எங்கட ஆக்கள் ஆருக்கும் சாப்பாடு கட்டிக் குடுக்கிறதெண்டால் எதில குடுக்கிறது? ஐஸ்கிறீம் பெட்டியில. ஏன்? திருப்பித் தரத் தேவையில்லை. வாங்கினவையும் நிம்மதி, குடுத்தவையும் நிம்மதி. ரஞ்சிதமும் வடிவா ஒரு வெனிலா ஐஸ்கிறீம் பெட்டியைக் கழுவித் துடைச்சு, உருண்டையைப் போட்டு வச்சிருந்தவ. ஆனால் பஸ் வெளிக்கிடுற இடத்துக்கு மேயர் வருவார், பேப்பர்காரர் வருவினம், படம் எடுப்பினம். ஐஸ்கிறீம் பெட்டியோடயோ ஒரு பிள்ளையை யப்பானுக்கு அனுப்புறது? அப்ப ஆரோ ஒராள் அந்த உருண்டையை எவர்சில்வர் ஏதனத்துக்குள்ள மாத்திப்போட்டினம். ஆர் மாத்தினது எண்டதில்லை இப்ப பிரச்சினை. பிள்ளையள் முன்னமே பஸ்ஸடிக்குப் போட்டுதுகள், வீட்டில நாங்கள் ரெண்டு பேர் தான் இருந்தனாங்கள், ரஞ்சிதம் அந்த நேரம் சாறி கட்டிக்கொண்டு நிண்டவ. அது கிடக்கட்டும்.

அந்த ஏதனம் தான் இது. இஞ்ச பாருங்கோ, விளிம்புக்குக் கீழ எழுத்துத் தெரியுதே? வே. அருளம்பலம். என்ர மாமனார். கலியாணத்துக்குத் தந்த ஏதனங்கள் எல்லாத்திலயும் பேர் வெட்டித் தந்த மனுசன். பேர் வெட்டின ஏதனம் எண்டால் அர்த்தம் என்ன? எங்க போனாலும் திரும்பி வரவேணும். அது யப்பான்காரருக்குத் தெரியாது எண்டு நான் நினைச்சன்.

வந்தது. பனி தொடங்கிற நேரம் ஒரு பாசல். திறந்து பாத்தால் ஒரு நீலத்துணி, துணிக்குள்ள ஏதனம், கண்ணாடி மாதிரி மினுக்கியிருக்கு. உள்ளுக்க அரிசி வறுவல், எங்கட பருத்தித்துறை வடை மாதிரித்தான், ஆனால் மிளகாய்த்தூள் போடேல்லை. சியோரியின்ர தேப்பன் கைப்பட ஒரு துண்டில ஏதோ எழுதியிருந்தார். தேப்பன் முடி வெட்டுற கடை வச்சிருக்கிறவர். நான் சொன்னன், நல்ல மனிசர், ஏதனத்தைத் திருப்பி அனுப்பிப்போட்டினம், விசயம் முடிஞ்சுது எண்டு. ரஞ்சிதம் என்னை ஒரு பார்வை பாத்தா. "துணி?" எண்டு கேட்டா.

பாத்தியளோ. துணி அவையின்ர. துணியைத் திருப்பி அனுப்ப வேணும். துணியை மட்டும் அனுப்பினால் நல்லாயிருக்குமோ? முறுக்குச் சுட்டு ஏதனத்தில போட்டு, துணியால கட்டி அனுப்பினம். அப்ப ஏதனம் திரும்ப அங்கால போட்டுது.

உங்களுக்கு இப்ப விளங்குது என்ன நடந்தது எண்டு. எங்கட வீட்டில வெறும் ஏதனம் திருப்பிக் குடுக்கிறதில்லை, ஒரு பிடி சீனியெண்டாலும் போட்டுத்தான் குடுப்பினம். உங்கட அம்மாவும் அப்பிடித்தானே? ஆ. அங்க என்னெண்டால், ஒரு சாமான் வாங்கினால் பதிலுக்கு ஒண்டு குடுக்காமல் அவைக்கு நித்திரை வராது. எங்களுக்கு ஏதனம் தான் கணக்கு, அவைக்கு உள்ளுக்க இருக்கிறது தான் கணக்கு. ரெண்டு பகுதியும் நிப்பாட்டேலாது. வெய்யில் காலத்தில ஒருக்கா, பனிக்காலத்தில ஒருக்கா, பதினொரு வருசம்.

என்ர மகள் ஆரணி அடுத்த வருசம் மாணவர் பரிமாற்றத்தில அங்க போய் அவையின்ர வீட்டில தான் நிண்டவள். அவள் வந்து சொன்னாள், அப்பா, உங்கட முறுக்கை அவை உடன தின்னுறதில்லை, சாமித்தட்டில செத்துப்போன ஆக்களின்ர படத்துக்கு முன்னால ஏதனத்தோட வச்சுக் கும்பிட்டிட்டுத்தான் எடுக்கினம் எண்டு. என்ர மாமனார் உயிரோட இருக்கேக்க கொழும்புக்கே ஒருக்காத் தான் போனவர், அதுவும் கண் காட்ட. இப்ப அவரின்ர பேர் யப்பானில விளக்குக்கு முன்னால இருக்கு. ரஞ்சிதத்துக்குக் கண் கலங்கிப்போச்சு. எனக்கும் தான், ஆனால் நான் காட்டிக்கொள்ளேல்லை. அப்பிடிக் கண் கலங்கினால் பேந்து நிப்பாட்டேலாது எண்டு எனக்குத் தெரியும்.

சியோரியின்ர தேப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஒருக்கா நான் பினாட்டு அனுப்பினன். பனங்களி காயவைச்ச பினாட்டு, ஊரில இருந்து வந்தது. அதைப் பாத்தால் சப்பாத்துத் தோல் மாதிரித்தான் இருக்கும். யப்பான் சுங்கத்தில பிடிச்சு வச்சு ஆரணிக்குப் போன் எடுத்து, இது சாப்பாடோ, கட்டடச் சாமானோ எண்டு கேட்டவங்களாம். எப்பிடியோ போய்ச் சேந்துது. அவர் முழுக்கத் திண்டவராம், குடும்பமா. அதுக்குப் பதிலா ஏதனம் நிறையச் சிவப்பா, சுருங்கினபடி, பேரீச்சம்பழம் மாதிரி ஒண்டு அனுப்பினார். இனிப்பாக்கும் எண்டு ரெண்டை வாயில போட்டன். தம்பி, உப்பும் புளியும் சேந்து எனக்குக் காது அடைச்சுப்போச்சு. நான் சொன்னன், சரி, பினாட்டுக்கு இது எண்டு. ரஞ்சிதம் அதை ஊறுகாய் மாதிரிச் சோத்தோட வச்சு ஒரு மாசத்தில முடிச்சுப்போட்டா.

இன்னொருக்கா பாருங்கோ. ரஞ்சிதம் உருண்டை பிடிக்கேக்க ஒரு தேத்தண்ணிக் கரண்டி உள்ளுக்க விழுந்து, அதோடேயே போட்டுது. அஞ்சுசதத்துக்கு உதவாத கரண்டி. நாங்கள் தேடவும் இல்லை. ரெண்டு கிழமையால விமானத் தபாலில ஒரு சின்னப் பாசல். உள்ளுக்க பஞ்சு. பஞ்சுக்குள்ள கடதாசி. கடதாசிக்குள்ள அந்தக் கரண்டி. மினுக்கி வேற இருந்துது. அடுத்தவன்ர சாமானில ஒரு துண்டு தன்னட்ட நிண்டால் அந்த மனுசனுக்கு இருப்புக் கொள்ளாது. இதை ஞாபகம் வச்சுக்கொள்ளுங்கோ, அப்பதான் அவர் எப்பிடியான ஆள் எண்டு விளங்கும்.

பாசல் வந்தால் எனக்குத்தான் கரைச்சல். அவர் எழுதிற துண்டை வாசிக்க ஆள் வேணும், வந்ததை எப்பிடித் தின்னுறது எண்டு கேக்க ஆள் வேணும். ஆரணி இப்ப கல்கரியில வேலை. அவளை வீடியோவில எடுத்து, அவளுக்கு முன்னால வச்சுத்தான் பாசல் பிரிக்கிறது, இல்லாட்டி கோவிப்பாள். எடுத்தால் லேசில வைக்கமாட்டாள். அந்த நேரம் ஊர்க்கதை, ஒபிஸ் கதை, சமையல் கதை, எல்லாம் வரும். இருந்திருந்து எனக்கு நாரி இடுப்பெல்லாம் பிடிச்சுப்போகும். மற்ற நாளில எடுத்தால் "அப்பா, மீற்றிங், பேந்து எடுக்கிறன்" எண்டு வச்சிடுவாள். பேந்து எடுக்கமாட்டாள். வேலைகாரப் பிள்ளை, நான் குறை சொல்லேல்லை.

மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு பனிக்காலம் பாசல் வரேல்லை. நல்லது, மனுசன் களைச்சுப்போனார் எண்டு நினைச்சன். தைப்பொங்கல் போச்சு. மாசி போச்சு. நான் தினமும் தபால்பெட்டியைப் பாக்கப் போறது விளம்பரப் பேப்பர் எடுக்க. ரஞ்சிதம் கேட்டா, ஞாயிற்றுக்கிழமையில ஆர் விளம்பரம் போடுறாங்கள் எண்டு. அவவுக்கு எல்லாத்துக்கும் ஒரு கதை. பங்குனி முடியேக்க வந்துது. கட்டு சரியில்லை, வேற ஆரோ கட்டின கட்டு. ஆரணியிட்டக் கேட்டால், அவர் ஏணியால விழுந்து இடுப்பு எலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தவராம். கட்டிலுக்குப் பக்கத்தில ஏதனத்தைக் கொண்டுவந்து வைக்கச்சொல்லி, தான் சொல்லச்சொல்லச் சியோரி அடுக்கினவளாம். பாத்தியளோ? இடுப்பு முறிஞ்சு கிடந்தும் விடேல்லை. அவ்வளவு பிடிவாதம். நான் அந்தமுறை ரெண்டு நாள் நிண்டு பலகாரம் சுட்டனான். ரஞ்சிதத்துக்கு முழங்கால் ஏலாது, நான் தான் அடுப்படியில நிண்டனான்.

இனித்தான் விசயத்துக்கு வாறன். இந்தப் பனிக்காலம் கவுன்சிலில ஒரு தீர்மானம் கொண்டு வந்தவங்கள், மினாசாவாவோட இருக்கிற சகோதர நகர உறவை முடிக்கிறது எண்டு. பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோட சேத்துப்போட்டாங்கள், போக வரப் பிள்ளையள் இல்லை, கொமிற்றியில டொனாவும் இன்னும் ரெண்டு பேரும் தான் மிச்சம். எல்லாம் சரி. நான் அதுக்கு எதிரான ஆள் இல்லை. முடிக்கிறதெண்டால் முறையா முடிக்க வேணும், அதுதான் என்ர கதை.

அண்டைக்கு கோட் போட்டுக்கொண்டு கவுன்சிலுக்குப் போனன். பொதுமக்கள் கதைக்கிறதெண்டால் அஞ்சு நிமிசம் தருவினம். நான் ஏதனத்தையும் கொண்டு போனனான். மைக்குக்கு முன்னால வச்சுப்போட்டுச் சொன்னன், "ஐயா, நீங்கள் இப்ப முடிக்கேலாது. ஏதனம் இப்ப எங்கட பக்கம் நிக்குது" எண்டு.

மேயர் நல்ல மனுசன். அந்த நாளில என்னட்டத்தான் பெற்றோல் அடிக்கிறவர். "அதுக்குள்ள என்ன இருக்கு?" எண்டு கேட்டார்.

"ஒண்டும் இல்லை. அதுதான் பிரச்சினை" எண்டன்.

விளங்கப்படுத்தினன். போன முறை அவை அனுப்பினவை, நாங்கள் திண்டிட்டம். இப்ப உறவு முடிஞ்சுது எண்டு கடிதம் போட்டால், திண்டுபோட்டு ஓடினமாதிரி. ஏதனத்தை நிரப்பி அனுப்பிப்போட்டு முடிப்பம் எண்டால், ஏதனம் அவையிட்ட நிண்டுபோகும், அவை தவிச்சுப்போவினம். வெறுமையா அனுப்பேலாது, அது எங்கட வழக்கத்தில இல்லை. அப்ப முடிக்கிறதுக்கு ஒரு நேரமே வராது, நல்லா யோசிச்சுப் பாருங்கோ எண்டன். பின்வரிசையில ஒருத்தன் சிரிச்சான். டொனா திரும்பிப் பாத்து அவனை அடக்கினா. ஒரு கவுன்சிலர் பெட்டை, வயசு என்ர மகளளவு தான் வரும், கேட்டா, "மிஸ்ரர் சிவபாதம், இது உங்கட சொந்த விசயமெல்லோ, நகரத்தின்ர விசயம் இல்லையே" எண்டு.

நான் கேட்டன், "பிள்ளை, நகரத்துக்கும் அந்த ஊருக்கும் இடையில இந்தப் பதினொரு வருசமா வேற என்ன போய் வந்தது, சொல்லுங்கோ பாப்பம்" எண்டு. அவ பேப்பரைப் பாத்தா. பக்கத்தில இருந்தவரைப் பாத்தா. நத்தார் வாழ்த்து மட்டை எண்டு ஆரோ சொல்லிச்சினம்.

பேந்து மணி அடிச்சு, என்ர நேரம் முடிஞ்சுது எண்டாங்கள். கை உயத்தினாங்கள். எல்லாக் கையும் உயந்துது. மேயர் எனக்கு நன்றி சொன்னார், சபையில இவ்வளவு அக்கறையா ஆரும் கதைச்சதில்லை எண்டார். ஊர் வழியில நிக்கிற அந்தச் சகோதர நகரப் போட்டை வசந்த காலத்தில கழட்டுவினமாம்.

வீட்ட வந்து காரை நிப்பாட்டிப்போட்டு உள்ளுக்கேயே இருந்தனான். ஏதனம் பக்கத்துச் சீற்றில. எனக்கு அழுகை வந்துட்டுது தம்பி. ஏனெண்டு தெரியேல்லை. அந்த மனுசனோட நான் ஒரு வார்த்தை கதைச்சதில்லை. அவருக்கு என்ர பாசை தெரியாது, எனக்கு அவரின்ர தெரியாது. வீடியோவில ஒருக்கா முகம் பாத்தம், ரெண்டு பேரும் தலையை ஆட்டினம், ஆட்டினபடியே இருந்தம், ஆரணி தான் நிப்பாட்டினவள். அவ்வளவு தான் பழக்கம். ரஞ்சிதம் ஜன்னலால பாத்திட்டு வெளியில வந்து, "இறங்குங்கோ, தேத்தண்ணி ஆறுது" எண்டா.

பேந்து யோசிச்சன். கவுன்சில் முடிச்சால் முடிக்கட்டும். நான் நேரில போய், ஏதனத்தை நிரப்பிக் கையில குடுத்து, இது இனி உங்களுக்குத்தான், திருப்பித்தரத் தேவையில்லை எண்டு சொல்லிப்போட்டு வாறது. மாமனாரின்ர பேரும் அந்தச் சாமித்தட்டிலேயே இருக்கட்டும். ரஞ்சிதத்திட்டச் சொன்னன், இது கடைசி எண்டு. ஆரணியிட்டயும் சொன்னன். அவள் மீற்றிங்கில இருந்து எழும்பி வந்து கேட்டவள். "உண்மையாவே முடிக்கப் போறியளோ அப்பா?" எண்டாள். ஓம் எண்டன். "அப்ப பாசல் வராதோ?" எண்டாள். வராது எண்டன். அடுத்த நாள் ரிக்கற் போட்டு அனுப்பினவள். அதுக்குப் பிறகு நாலு நாளும் எடுத்தவள், ஸ்வெற்றர் வச்சனியளோ, மருந்து வச்சனியளோ எண்டு. பிள்ளைக்கு இப்ப வேலை கொஞ்சம் குறைவு போல.

ரெயின் ஸ்ரேசனுக்கு அந்த மனுசனே வருவாராம். தடி பிடிச்சுக்கொண்டு. நான் வரவேண்டாம் எண்டு சொல்லிவிட்டனான், கேட்டால் தானே.

பொறுங்கோ, போன் அடிக்குது. ஹலோ. ஓம். ஓம், உள்ளுக்க வந்திட்டன், ஏத்தப் போறாங்கள். சாப்பிட்டிட்டன். என்ன? எங்க? சாப்பாட்டு மேசையிலயோ. ஓ. நான் கவனிக்கேல்லை. இல்லையப்பா, வேணுமெண்டோ விடுறது? மறதி தான். பாஸ்போட் பக்கத்தில தான் கிடந்தது, தெரியும், பாஸ்போட்டை எடுத்தனான் தானே. இப்ப என்ன செய்யிறது? வெள்ளிப் பேப்பர் சுத்திக் கிடக்கு, காணும். அதைக் கழுவித் துடைச்சு அலுமாரியில வையும். கீழ்த்தட்டில இல்லை, மேல்தட்டில, கைக்கு எட்டுற மாதிரி. சிரிக்காதையும். வைக்கிறன்.

என்ர மனுசி. ஏதனத்தின்ர மூடி வீட்டில கிடக்காம். இறுக்கமான மூடி, இதுக்கு வேற மூடியும் பொருந்தாது, அதிலயும் மாமனாரின்ர பேர் வெட்டிக் கிடக்கு. வயசு போகுது தம்பி, மறதி வராமல் என்ன செய்யும்.

என்ன பாக்கிறியள்? நான் முடிக்கத்தான் போறன். சொன்னால் சொன்னது தான். ஏதனத்தைக் குடுப்பன், திருப்பித்தர வேண்டாம் எண்டு சொல்லுவன், கும்பிட்டிட்டு வந்திடுவன். பேந்து அந்த மனுசன், மூடி இல்லாத ஏதனத்தை வச்சுக்கொண்டு இருக்கேலாமல் எதையாவது போட்டுத் திருப்பி அனுப்பினால், அதுக்கு நான் பொறுப்போ?

சரி, கூப்பிடுறாங்கள். உந்தப் பையை மட்டும் ஒருக்கா எடுத்துத் தாங்கோ தம்பி. இதை வேண்டாம், இதை நான் கொண்டு வாறன்.